குளிர்ந்த பொறியுடன் தானுந்து ஓட்டுதல்

குளிர்ந்த பொறியுடன் தானுந்து ஓட்டுதல் என்பது, பல மணி நேரம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த தானுந்தின் உள் எரி பொறியை இயக்கியது முதல் அப்பொறி தன் இயல்பான வெப்பநிலையை அடையும் வரை, வண்டியை மென்மையாகவும் மிதமான வேகத்திலும் செலுத்தும் முறையைக் குறிக்கும். இக்காலத்துப் பொறிகளை இயக்கிய சில நொடிகளிலேயே வண்டியை நகர்த்தத் தொடங்கலாம். ஆனால் முதல் 10 முதல் 15 நிமிடங்களுக்கு முடுக்கியை ஆழமாக மிதிக்காமலும், பொறியை மிகு வேகத்தில் சுழலவிடாமலும் ஓட்ட வேண்டும். நின்ற இடத்திலேயே நெடுநேரம் ஓடவிட்டுச் சூடேற்றுவதும், இயக்கிய உடனேயே முடுக்கியை மிதித்து 'ரேஸ்' செய்வதும் பொறிக்கு நன்மை தருவதில்லை.

தமிழ்நாடு போன்ற வெப்பமான நிலப்பகுதியில் இதற்குத் தேவையில்லை என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆனால் பொறியைப் பொறுத்தவரை 'குளிர்' என்பது மனிதர் உணரும் குளிர் அன்று. பொறி இயங்குவதற்கென வடிவமைக்கப்பட்ட வெப்பநிலையிலிருந்து அது எவ்வளவு கீழே உள்ளது என்பதே அதன் அளவுகோல். திருவள்ளூர் மாவட்டத்தின் திருப்பாச்சூர், கடம்பத்தூர், கும்மிடிப்பூண்டி போன்ற ஊர்களில் காலையில் வண்டி எடுக்கும் ஒவ்வொருவரும் குளிர்ந்த பொறியுடனேயே புறப்படுகின்றனர்.

குளிர்ந்த பொறி என்றால் என்ன?

நீரால் குளிர்விக்கப்படும் தானுந்துப் பொறிகளில் குளிர்விப்பு நீர்மத்தின் இயல்பான வெப்பநிலை பொதுவாக 85 முதல் 100 °செ வரை இருக்கும். உயவு எண்ணெயும் ஏறத்தாழ இதே அளவுக்கோ இதைவிடச் சற்று மிகுதியாகவோ சூடாகும். இரவு முழுவதும் நிறுத்தி வைக்கப்பட்ட பொறியின் எல்லாப் பகுதிகளும் சுற்றுப்புறக் காற்றின் வெப்பநிலையை அடைந்துவிடும். மார்கழி மாத விடியலில் திருவள்ளூர்ப் பகுதியில் அது 20 °செ அளவிலும், கோடைக்கால விடியலில் 28 °செ அளவிலும் இருக்கும். இரண்டுமே பொறியின் இயல்பான வெப்பநிலைக்கு 55 பாகைக்கும் மேல் கீழே உள்ளவை.

வாகனப் புகை மாசுச் சோதனை விதிகள் இதனை நன்கு விளக்குகின்றன. ஐரோப்பிய முறையைப் பின்பற்றி இந்தியாவில் நடைமுறைக்கு வந்த பாரத் நிலைச் சோதனைகளில், வண்டியைச் சோதனைக்கு முன்பு 20 முதல் 30 °செ வரையிலான அறையில் குறைந்தது 6 மணி நேரம் நிறுத்தி வைப்பர். அவ்வாறு நிறுத்தி வைத்த பின் இயக்குவதே 'குளிர் நிலைத் தொடக்கம்' எனப்படும். அதாவது சோதனைக்கூடத்தில் குளிர்ந்த பொறி என்று வரையறுக்கப்படும் வெப்பநிலையும், தமிழ்நாட்டின் ஒரு சாதாரணக் காலை நேர வெப்பநிலையும் ஒன்றே.

பொறியினுள் நிகழ்வன

உயவு எண்ணெய்

எண்ணெயின் ஓட்டத்தை எதிர்க்கும் தன்மை பாகுநிலை எனப்படும். வெப்பநிலை குறையும்போது பாகுநிலை மிக விரைவாக உயரும். இந்தியாவில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் 15டபிள்யூ-40 வகை எண்ணெயின் பாகுநிலை 100 °செ வெப்பநிலையில் ஏறத்தாழ 14 முதல் 15 சென்டிஸ்டோக்ஸ் ஆகும். 40 °செ வெப்பநிலையில் இது 100 சென்டிஸ்டோக்சைத் தாண்டிவிடும். 25 °செ அளவில் 200 சென்டிஸ்டோக்சையும் தாண்டும். ஆகவே குளிர் காலம் அல்லாத ஒரு நாளின் காலையிலும் எண்ணெய், சூடான நிலையில் உள்ளதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் தடித்திருக்கிறது.

இந்த எண்ணெய் பொறியின் அடியில் உள்ள தொட்டியிலிருந்து இறைப்பியால் உறிஞ்சப்பட்டு, குறுகிய துளைகளின் வழியே கிராங்க் தண்டின் தாங்கிகளுக்கும், மேலே உள்ள வால்வு அமைப்புக்கும் செல்ல வேண்டும். இரவில் பெரும்பகுதி எண்ணெய் கீழே வடிந்துவிடுவதால், இயக்கிய முதல் சில நொடிகளுக்கு உலோகப் பரப்புகளின் மீது எஞ்சியுள்ள மெல்லிய படலமே பாதுகாப்பாகும்.

தடித்த எண்ணெயை வேகமாகத் தள்ள முயலும்போது இறைப்பியின் அழுத்தம் மிகும். அழுத்தம் ஓர் எல்லையைக் கடந்தால் அழுத்தம் தணிக்கும் வால்வு திறந்து, எண்ணெயின் ஒரு பகுதி தொட்டிக்கே திரும்பிவிடும். எண்ணெய் வடிகட்டியில் உள்ள மாற்றுவழி வால்வும் திறந்து, வடிகட்டப்படாத எண்ணெய் பொறிக்குள் செல்லக்கூடும். ஆகவே குளிர்ந்த நிலையில் அழுத்தமானி உயர்ந்த அளவைக் காட்டுவது, போதுமான எண்ணெய் ஓடுகிறது என்பதற்குச் சான்று ஆகாது.

எண்ணெயில் சேர்க்கப்படும் தேய்மானத் தடுப்புப் பொருள்களும் வெப்பத்தைச் சார்ந்தவை. துத்தநாகமும் பாசுபரசும் கொண்ட சேர்மங்கள் உராயும் பரப்புகளின் மீது காப்புப் படலத்தை உருவாக்குகின்றன. இப்படலம் வெப்பமான நிலையில்தான் நன்கு உருவாகிறது.

உலோகங்களின் விரிவு

பெரும்பாலான பிஸ்டன்கள் அலுமினியக் கலவையால் ஆனவை. சிலிண்டர்கள் பல பொறிகளில் வார்ப்பிரும்பால் ஆனவை. அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும். எடுத்துக்காட்டாக, 75.5 மில்லிமீட்டர் விட்டம் கொண்ட ஒரு பிஸ்டனின் விட்டம் ஒவ்வொரு 10 பாகை வெப்ப உயர்வுக்கும் ஏறத்தாழ 0.017 மில்லிமீட்டர் கூடும். அதே விட்டமுள்ள வார்ப்பிரும்புச் சிலிண்டர் ஏறத்தாழ 0.008 மில்லிமீட்டர் மட்டுமே விரியும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே விடப்படும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் சில நூறில் ஒரு பங்குகளே என்பதால், இந்த வேறுபாடு சிறியதன்று.

இதனால்தான் பிஸ்டன்கள் முழு வட்டமாக இல்லாமல் சற்று நீள்வட்டமாகவும், மேற்புறம் சற்று ஒடுங்கியும் கடையப்படுகின்றன. சூடாகிய பின்னரே அவை தமக்குரிய வடிவத்தை அடையும். குளிர்ந்த பொறியில் முடுக்கியை முழுவதுமாக மிதித்தால், எரியும் வளிமங்களை நேரடியாகத் தொடும் பிஸ்டன் சில நொடிகளில் சூடாகி விரிவடையும். பருமனான சிலிண்டர்ச் சுவரோ மெல்லவே சூடாகும். இடைவெளி சுருங்கி, எண்ணெய்ப் படலம் நெருக்கப்பட்டு, பிஸ்டனின் பக்கங்களில் கீறல்கள் விழக்கூடும். சீராக ஓட்டும்போது இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே சூடாகின்றன.

எரிபொருளும் நீரும்

பெட்ரோல் நீர்மமாக எரிவதில்லை. ஆவியாகிக் காற்றுடன் கலந்த பின்னரே எரிகிறது. குளிர்ந்த உலோகப் பரப்பின் மீது பெட்ரோல் நன்கு ஆவியாகாது. ஆகவே பொறி இயங்குவதற்குக் கூடுதல் பெட்ரோல் செலுத்தப்படுகிறது. எரியாமல் எஞ்சும் பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரில் படிந்து, அங்குள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, தொட்டியில் உள்ள எண்ணெயுடன் கலந்து அதனை நீர்க்கச் செய்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உருவாகிறது. சூடான பொறியில் இது புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். குளிர்ந்த பொறியில் ஒரு பகுதி சுவர்களில் நீராக ஒடுங்கி, எரிதலின் போது உண்டாகும் அமில வளிமங்களைக் கரைத்துக்கொண்டு உலோகத்தை அரிக்கிறது. 1930களில் பிரித்தானியாவில் சி. ஜி. வில்லியம்ஸ் என்னும் ஆய்வாளர் தானுந்துப் பொறியாளர் கழகத்துக்காக நடத்திய ஆய்வுகள், சிலிண்டர்ச் சுவர் குளிர்ந்திருக்கும்போது தேய்மானம் வெகுவாக உயர்வதையும், அதில் அரிப்பின் பங்கு பெரிது என்பதையும் எடுத்துக் காட்டின. அக்காலத்தை நோக்க இன்றைய எரிபொருளில் கந்தகம் மிகக் குறைவு, எண்ணெய்களும் மேம்பட்டுள்ளன. ஆகவே அரிப்பு அந்த அளவுக்கு இல்லை. எனினும் நீரும் எரிபொருளும் எண்ணெயில் கலப்பது இன்றும் நிகழ்கிறது.

புகை மாசு

பெட்ரோல் வண்டிகளின் புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றி ஏறத்தாழ 250 முதல் 300 °செ வரை சூடான பின்னரே திறம்பட வேலை செய்யும். அதற்கு முன்பு கார்பன் மோனாக்சைடும் எரியாத ஐதரோகார்பன்களும் பெருமளவு அப்படியே வெளியேறுகின்றன. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் தானுந்துகளுக்கு 1995 ஏப்ரல் முதல் வினையூக்கி மாற்றி கட்டாயமாக்கப்பட்டது. ஒரு குறும்பயணத்தின் மாசில் பெரும்பகுதி அதன் முதல் ஓரிரு நிமிடங்களிலேயே வெளிவருகிறது என்பதால், இந்த மாற்றியை விரைவில் சூடாக்குவது பொறியியலாளர்களின் முதன்மைக் குறிக்கோள்களுள் ஒன்றாக இருந்து வருகிறது. பல புதிய வண்டிகள் இயக்கியவுடன் சிறிது நேரம் இயல்பை விட மிகுந்த வேகத்தில் சுழன்று பின் அடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காத்திருக்கும் பழக்கத்தின் தோற்றம்

காலையில் வண்டியை இயக்கிவிட்டுப் பல நிமிடங்கள் காத்திருக்கும் பழக்கம் கார்புரேட்டர் காலத்தைச் சேர்ந்தது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் உருவாக்கிய அம்பாசடர் தானுந்தின் பழைய 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் பொறி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் ஓட்டுநர் 'சோக்' எனப்படும் குமிழைக் கையால் இழுத்து, காற்றைக் குறைத்துப் பெட்ரோலை மிகுதியாக்கி வண்டியை இயக்குவார். பொறி சற்றுச் சூடாகும் முன்பே குமிழை உள்ளே தள்ளிவிட்டால் வண்டி தடுமாறி நின்றுவிடும். நெடுநேரம் இழுத்தே வைத்தால் கரும்புகை வரும். தீப்பொறிச் செருகிகள் கரி படிந்து கெடும். ஆகவே அன்று காத்திருப்பது ஒரு தேவையாக இருந்தது.

மின்னணுக் கட்டுப்பாட்டுடன் கூடிய எரிபொருள் உட்செலுத்தல் முறை வந்த பின் இந்நிலை மாறியது. குளிர்விப்பு நீர்மத்தின் வெப்பநிலையை ஓர் உணரி அளந்து கூற, கட்டுப்பாட்டுக் கணினி தேவையான பெட்ரோலின் அளவை நொடிக்குப் பலமுறை திருத்திக்கொள்கிறது. பொறி தடுமாறுவதில்லை. எனவே காத்திருப்பதற்கான முதன்மைக் காரணம் மறைந்துவிட்டது. ஆனால் எண்ணெயின் பாகுநிலையும், உலோகங்களின் விரிவும், நீர் ஒடுங்குவதும் இயற்பியல் விதிகளைச் சார்ந்தவை. கணினியால் அவற்றை மாற்ற இயலாது. காத்திருக்க வேண்டியதில்லை என்பது உண்மை. மென்மையாக ஓட்ட வேண்டியதில்லை என்பது உண்மையன்று.

திருவள்ளூர் வட்டாரத்தில்

திருப்பாச்சூர், திருவள்ளூர் நகருக்கு மேற்கே திருத்தணி செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில் உள்ள ஊர். தேவாரப் பாடல் பெற்ற வாசீசுவரர் கோயில் இங்கு உள்ளது. இவ்வூரைச் சுற்றியுள்ள பகுதி தமிழ்நாட்டின் வாகனத் தொழிலில் ஓர் இடத்தைப் பெற்றுள்ளது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் திருவள்ளூரை அடுத்து அமைத்த தொழிற்சாலையில் 1998 முதல் மிட்சுபிசி லான்சர் தானுந்துகள் தயாரிக்கப்பட்டன. 2010களின் இடைப்பகுதியில் இசுசு நிறுவனத்தின் வண்டிகளும், 2021 முதல் சிட்ரோயன் தானுந்துகளும் திருவள்ளூரில் ஒருங்கிணைக்கப்பட்டன.

லான்சரின் பெட்ரோல் வகையில் 1468 கன சென்டிமீட்டர் பொறியும், பன்முனை எரிபொருள் உட்செலுத்தல் முறையும் அமைந்திருந்தன. மேலே கணக்கிடப்பட்ட 75.5 மில்லிமீட்டர் என்பது இப்பொறியின் சிலிண்டர் விட்டமே. சோக் குமிழை இழுத்துக் காத்திருக்கும் வண்டியால் பெயர் பெற்ற ஒரு நிறுவனம், திறவுகோலைத் திருப்பியவுடன் புறப்படக்கூடிய வண்டியைத் திருவள்ளூரில் தயாரித்தது. ஓட்டும் பழக்கம் இம்மாற்றத்துடன் ஒரே நாளில் மாறிவிடவில்லை.

இவ்வட்டாரத்தின் பயண முறையும் இங்கு நோக்கத்தக்கது. தொழிற்சாலைப் பணிமுறைக்கோ, திருவள்ளூர், கடம்பத்தூர், கும்மிடிப்பூண்டி ஆகிய ரயில் நிலையங்களுக்கோ சில கிலோமீட்டர் மட்டும் வண்டியில் செல்வோர் பலர். அவ்வாறு 5 கி.மீ. சென்று வண்டியை நிறுத்தி, மாலையில் அதே தொலைவைத் திரும்பக் கடக்கும் ஒருவரின் பொறி, நாளொன்றுக்கு இருமுறை குளிர்ந்த நிலையிலிருந்து தொடங்குகிறது. ஆண்டுக்கு 300 பணி நாள்கள் எனக் கொண்டால் 600 குளிர் தொடக்கங்கள். ஓடிய தொலைவு 3,000 கி.மீ. திருவள்ளூரிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் உள்ள கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு நாள்தோறும் சென்று வருபவருக்கும் அதே 600 தொடக்கங்கள்தாம். ஆனால் தொலைவு 30,000 கி.மீ.

முதலாமவரின் வண்டி பத்தில் ஒரு பங்கே ஓடியிருந்தாலும், அதன் பொறி ஒருநாளும் முழுமையாகச் சூடாகாமல் இருந்திருக்கலாம். எண்ணெயில் கலந்த நீரும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேற வாய்ப்புக் கிடைப்பதில்லை. எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறம் வெண்ணெய் போன்ற வெளிர்நிறக் களிம்பு படிந்திருப்பது இதன் ஓர் அடையாளம். பழைய வண்டி வாங்குவோர் குறைந்த கிலோமீட்டர் அளவை மட்டும் கண்டு முடிவு செய்வது இதனால் சரியாகாது. பல வாகன நிறுவனங்களின் கையேடுகள் தொடர்ந்த குறும்பயணங்களைக் 'கடும் பயன்பாடு' என வகைப்படுத்தி, எண்ணெயை முன்கூட்டியே மாற்றுமாறு கூறுகின்றன.

தானுந்துத் தொழிற்சாலைகளிலும் இதே சிக்கல் எழுவதுண்டு. புதிய வண்டிகள் நிறுத்துமிடத்தில் சில மீட்டர் தொலைவு நகர்த்தப்பட்டு அணைக்கப்படுகின்றன. மறுநாள் மீண்டும் அவ்வாறே நகர்த்தப்படுகின்றன. ஒவ்வொரு முறையும் மிகுதியான பெட்ரோலைப் பெற்று, சூடாகும் முன்பே நின்றுவிடும் பொறியில் தீப்பொறிச் செருகிகள் கரி படிந்து ஈரமாகி, வண்டியை இயக்குவது கடினமாகிவிடும்.

ஓட்டும் முறை

வண்டியுடன் தரப்படும் கையேடே முதன்மையான வழிகாட்டி. பொதுவாகப் பின்வரும் முறை பொருந்தும்.

* திறவுகோலைத் திருப்பி, எச்சரிக்கை விளக்குகள் எரிந்து அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். டீசல் வண்டியில் முன்சூடேற்றும் செருகிக்கான சுருள் வடிவ விளக்கு அணைந்த பின்னரே இயக்க வேண்டும்.
* எரிபொருள் உட்செலுத்தும் வண்டிகளில் இயக்கும்போது முடுக்கியை மிதிக்கத் தேவையில்லை.
* எண்ணெய் அழுத்த விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் பொறியை உடனே நிறுத்திவிட வேண்டும்.
* 10 முதல் 30 நொடிகள் போதுமானவை. இருக்கைப் பட்டையை அணிந்து, கண்ணாடிகளைச் சரிசெய்யும் நேரமே இதற்குப் போதும்.
* முதல் 5 முதல் 10 கி.மீ. வரை பெட்ரோல் பொறியை நிமிடத்திற்கு ஏறத்தாழ 3,000 சுழற்சிகளுக்கும், டீசல் பொறியை 2,500 சுழற்சிகளுக்கும் மிகாமல் ஓட்டுவது நல்லது. முடுக்கியைப் பாதிக்கு மேல் மிதிப்பதைத் தவிர்க்க வேண்டும்.
* மிகக் குறைந்த வேகத்தில் உயர்ந்த கியரில் ஓட்டிப் பொறியைத் திணறச் செய்வதும் தவறு. தாங்கிகளில் எண்ணெய்ப் படலம் உருவாவதற்கு ஓரளவு சுழற்சி வேகம் தேவை.
* கியர்ப்பெட்டியின் எண்ணெயும் குளிர்ந்தே இருக்கும். முதல் சில முறை கியர் மாற்றும்போது, குறிப்பாக இரண்டாம் கியருக்கு மாற்றும்போது, வலிந்து தள்ளாமல் நிதானமாக மாற்ற வேண்டும்.
* வீட்டை விட்டு இறங்கியதும் நெடுஞ்சாலை எதிர்ப்படுமானால், அதில் இணைவதற்கு விரைவு தேவைப்படலாம். அங்கு முதலிடம் பெறுவது பாதுகாப்பே. சில நொடிகள் பொறி வேகமாகச் சுழல்வதை விட, பாய்ந்து வரும் சரக்குந்தின் முன்னே மெதுவாக நுழைவது மிகப் பெரிய தீங்கு.

வெப்பமானியின் முள்

பெரும்பாலான தானுந்துகளின் முகப்பில் உள்ள வெப்பமானி குளிர்விப்பு நீர்மத்தின் வெப்பநிலையையே காட்டுகிறது. நீர்மம் சில நிமிடங்களில் சூடாகிவிடும். எண்ணெய் அதே அளவு சூடாவதற்கு ஏறத்தாழ இரு மடங்கு நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஆகவே முள் நடுவில் வந்து நின்ற பின்னரும் மேலும் 5 முதல் 10 நிமிடங்கள் மென்மையாக ஓட்டுவது தகும். சில புதிய வண்டிகளில் முள்ளுக்குப் பதிலாக நீலநிற விளக்கு மட்டும் உள்ளது. அது அணைவதும் பொறி முழுமையாகச் சூடாகிவிட்டது என்பதைக் குறிக்காது.

சுழலி மிகையூட்டி கொண்ட பொறிகள்

'டர்போ' எனப்படும் சுழலி மிகையூட்டியின் தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட முறை சுழலக்கூடியது. அதன் தாங்கிகள் பொறியின் எண்ணெயையே நம்பியுள்ளன. எனவே இவ்வகைப் பொறிகளில் குளிர்ந்த நிலையில் மென்மையாக ஓட்டுவது இன்னும் முதன்மை பெறுகிறது. நெடுஞ்சாலையில் விரைவாக ஓட்டிவந்த பின் உடனே அணைக்காமல், கடைசி ஓரிரு நிமிடங்களை மெதுவாக ஓட்டுவதும் இதே காரணத்தால் பரிந்துரைக்கப்படுகிறது.

தவறான கருத்துகளும் பழக்கங்களும்

நெடுநேரம் நின்றபடி ஓடவிடுதல்: சுமையின்றி ஓடும் பொறி மிக மெதுவாகவே சூடாகும், மிகுதியான பெட்ரோல் செலுத்தப்படும் நேரமும் நீளும். கியர்ப்பெட்டியும் சக்கரத் தாங்கிகளும் இதனால் சூடாவதே இல்லை. 1.2 முதல் 1.5 லிட்டர் வரையிலான பெட்ரோல் பொறி நின்றபடி ஓடும்போது மணிக்கு ஏறத்தாழ 0.6 முதல் 0.9 லிட்டர் பெட்ரோலைச் செலவிடும். நாள்தோறும் 10 நிமிடங்கள் இவ்வாறு ஓடவிட்டால் 300 நாள்களில் 30 முதல் 45 லிட்டர் வரை வீணாகும். செருமனியில் பொறியைத் தேவையின்றி ஓடவிடுவது சாலைப் போக்குவரத்து விதிகளாலேயே தடை செய்யப்பட்டுள்ளது.

முடுக்கியை மிதித்து முறுக்குதல்: நின்ற இடத்தில் பொறியை உறுமச் செய்தால் எண்ணெய் விரைந்து மேலேறும் என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் எண்ணெய் சென்று சேரும் முன்பே உலோகப் பரப்புகள் வேகமாக உராய்கின்றன.

தடித்த எண்ணெயே சிறந்தது என்ற எண்ணம்: எஸ்.ஏ.இ. முறையில் 'டபிள்யூ' என்ற எழுத்துக்கு முன் உள்ள எண், குளிர்நிலையில் எண்ணெய் எவ்வளவு எளிதில் ஓடும் என்பதைக் குறிக்கும். எண் குறைந்தால் குளிரில் ஓட்டம் எளிது. பின் உள்ள எண் சூடான நிலையில் உள்ள பாகுநிலையைக் குறிக்கும். 5டபிள்யூ-30 எண்ணெய்க்கென வடிவமைக்கப்பட்ட பொறியில், 'நம் ஊர் வெயிலுக்கு' என்று 20டபிள்யூ-50 எண்ணெயை ஊற்றுவது காலை நேரத் தொடக்கத்தை மேலும் கடினமாக்கும். கையேட்டில் கூறப்பட்ட வகையையே பயன்படுத்த வேண்டும்.

தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிடுதல்: பொறி சூடாகும் வரை குளிர்விப்பு நீர்மத்தை ரேடியேட்டருக்குச் செல்லவிடாமல் தடுப்பது தெர்மோஸ்டாட் வால்வின் பணி. பல வண்டிகளில் இது 82 முதல் 88 °செ அளவில் திறக்கும். வண்டி மிகையாகச் சூடாகிறது என்று கூறி இதனைக் கழற்றிவிடும் வழக்கம் இந்தியாவின் சிறு பணிமனைகளில் நெடுநாளாக உள்ளது. கழற்றிய பின் நீர்மம் தொடக்கம் முதலே ரேடியேட்டர் வழியே ஓடுவதால், பொறி சூடாக மிகுந்த நேரம் பிடிக்கும். நெடுஞ்சாலையில் ஓடும்போதும் குளிர்ந்தே இருக்கக்கூடும். கட்டுப்பாட்டுக் கணினி பொறி குளிர்ந்திருப்பதாகவே கருதி மிகுதியான பெட்ரோலைச் செலுத்தும். மிகைச்சூட்டின் உண்மையான காரணம் அடைபட்ட ரேடியேட்டர், பழுதான விசிறி, நீர்மக் கசிவு ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கலாம். அதைக் கண்டறிந்து சரிசெய்வதும், பழுதான வால்வுக்கு மாற்றாகப் புதியதைப் பொருத்துவதுமே முறை.

எச்சரிக்கை

மூடிய வண்டிக் கொட்டகைக்குள் பொறியை ஓடவிட்டுச் சூடேற்றுவது உயிருக்கு ஆபத்தானது. குளிர்ந்த பொறி மிகுதியான கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது. அதை நீக்க வேண்டிய வினையூக்கி மாற்றியும் அப்போது வேலை செய்வதில்லை. இவ்வளிமத்திற்கு நிறமோ மணமோ இல்லை. கொட்டகையின் கதவைத் திறந்து, வண்டியை உடனே வெளியே கொண்டுவந்துவிட வேண்டும்.

பிற தட்பவெப்பங்களும் பிற வண்டிகளும்

உதகமண்டலம் போன்ற மலை ஊர்களில் குளிர்கால விடியலில் வெப்பநிலை 0 °செ அளவுக்கு இறங்குவதுண்டு. அங்கு மென்மையாக ஓட்ட வேண்டிய தொலைவு கூடும். இறக்கச் சாலையில் புறப்படும் வண்டியின் பொறி சுமையின்றி ஓடுவதால் இன்னும் மெதுவாகவே சூடாகும். தமிழர் பெருமளவில் வாழும் கனடாவின் ரொறன்ரோ போன்ற நகரங்களில் உறைநிலைக்கு மிகக் கீழே வெப்பநிலை இறங்கும்போது, பொறியில் பொருத்தப்பட்ட மின் சூடேற்றியைப் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாக இயக்கிவைப்பர். கண்ணாடியில் படிந்த பனியை முழுவதும் நீக்கிப் பார்வையைத் தெளிவாக்கிய பின்னரே அங்கு வண்டியை நகர்த்த வேண்டும்.

கனரக டீசல் சரக்குந்துகளிலும் மண் அள்ளும் இயந்திரங்களிலும் உலோகத்தின் பருமனும் எண்ணெயின் அளவும் மிகுதி. அவற்றின் கையேடுகள் கூறும் நேரம் தானுந்துகளுக்கு உரியதை விட நீண்டதாக இருக்கலாம். காற்றழுத்தத் தடை கொண்ட வண்டிகளில் கலன்களில் போதிய அழுத்தம் சேரும் வரை காத்திருப்பதும் கட்டாயம்.

அழுத்தப்பட்ட இயற்கை எரிவளியில் ஓடும் பல தானுந்துகள் முதலில் பெட்ரோலில் தொடங்கி, பொறி ஓரளவு சூடான பின் தாமாகவே எரிவளிக்கு மாறுகின்றன. கலப்பின வண்டிகளில் மின்னோடி முதலில் வண்டியை நகர்த்துவதால், பெட்ரோல் பொறி பின்னர் ஓடும் வழியிலேயே குளிர்ந்த நிலையில் தொடங்கக்கூடும். ஆகவே அங்கும் முதல் சில கிலோமீட்டர்களில் திடீர் முடுக்கத்தைத் தவிர்ப்பது நல்லது. மின்கலத்தால் மட்டும் இயங்கும் தானுந்துகளில் உள் எரி பொறி இல்லாததால் இக்கட்டுரையில் கூறப்பட்ட பெரும்பாலான செய்திகள் அவற்றுக்குப் பொருந்தா.

இவற்றையும் பார்க்க

* உள் எரி பொறி
* உயவு எண்ணெய்
* பாகுநிலை
* வெப்ப விரிவு
* வினையூக்கி மாற்றி
* திருவள்ளூர் மாவட்டம்